அடையாளம்: வலது கன்னத்தில் மச்சம்

விசா அலுவலகத்துக்கு நேர் எதிரே, மாடிப்படி ஏறியதும் இடது பக்கம் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே படம் எடுத்துக்கொள்ள உட்காருகிறவர்களின் கண் மட்டத்துக்குச் சரியாகச் சுவரில் ஒரு சின்னப் படம் ஒட்டியிருக்கும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயரம். அதன் குறுக்கே சிவப்பு மையில் 'ஏற்கப்படவில்லை' என்று ஒரு முத்திரை. படத்தில் இருப்பவர் கடைக்காரரேதான். "அது யாரு, உங்க தம்பியா?" என்று கேட்காதவர்கள் குறைவு. "தம்பி இல்லைங்க, நானேதான். எனக்கே என்னை அடையாளம் தெரியாமப் போன கதை அது" என்று அவர் ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். படத்துக்குச் சிரிக்கவே கூடாது என்கிற முதல் விதி அங்கேயே அடிபட்டுப் போகும்.

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் படக்காரர். மனைவி இருந்தவரை, கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். "படக்காரரே, குழாய் ஒழுகுது." பத்தொன்பது வருஷமாக ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, ஏற்றி இறக்குகிற முக்காலி, ஒரு கம்ப்யூட்டர், கயிற்றில் கட்டிய சீப்பு என்று அந்த மாடியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சீப்பைக் கயிற்றில் கட்டியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு பதினோரு சீப்புகள் வாடிக்கையாளர்களோடு வெளிநாடு போய்விட்டன. அவர் போகவில்லை.

போகாதவர் என்று அவர் பேச்சைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். எந்த நாட்டுக்கு முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எதற்கு வெள்ளைப் பின்னணி, எதற்குச் சாம்பல், யார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லுவார்கள், யார் காது இரண்டும் தெரிய வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். படத்தோடு இலவச இணைப்பாக அறிவுரையும் உண்டு. "பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கா, முதல்ல அதைப் பாருங்க. திரும்பி வர்ற டிக்கெட் எங்க? இன்சூரன்ஸ் போட்டாச்சா? உள்ள போனா கேட்டதுக்கு மட்டும் ஒரு வரி பதில். ஒரு வார்த்தை கூடப் பேசினீங்கன்னா அது உங்க காலையே வாரிவிடும்." இவ்வளவும் சொன்ன மனிதர் வாழ்க்கையில் போன அதிகபட்ச தூரம், மைத்துனர் வீட்டுக்கு ஒன்பது மணி நேர ரயில் பயணம். அதிலும் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விட்டவர்.

அவருக்கு இருந்த ஒரே பெருமை, அவர் கடைப் படம் ஒன்றுகூட எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்ததில்லை என்பது. அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். உள்ளே சுவரில் இன்னொரு அறிவிப்பும் இருந்தது: 'விசாப் படத்தில் எந்தத் திருத்தமும் செய்யப்படாது. தயவுசெய்து கேட்காதீர்கள்.' அதை அச்சடித்து ஒட்டியவரும் அவர்தான், அதை மீறியவரும் அவர்தான். யாரும் கேட்கத் தேவையே இல்லை. அவர் கை சும்மா இருக்காது. படத்தைத் திரையில் திறந்ததும், நேற்று முளைத்த பரு ஒன்றைத் துடைப்பார். நெற்றியில் எண்ணெய் மின்னினால் மங்கச் செய்வார். தூக்கம் கெட்ட கண்ணின் கீழே கொஞ்சம் வெளிச்சம் போடுவார். வந்து போகிறதைத் துடைக்கலாம், கூடவே பிறந்ததைத் தொடக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். அதனால்தான் அத்தனை வருஷம் மாட்டாமல் இருந்தார். அதைத் தன் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சட்டத்திலிருந்து இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார். ஒருவர் மனைவி. இன்னொருவர் அவரே.

அவருடைய வலது கன்னத்தில், மூக்குக்கு ஒரு விரல் தள்ளி, மிளகு அளவில் ஒரு மச்சம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'ஈ' என்று பட்டம். பக்கத்தில் உட்காருகிறவன் எல்லாம் அவர் கன்னத்தருகே கையை வீசி விரட்டுவான். ஒருநாள் புதிதாக வந்த வாத்தியார் நிஜமாகவே ஈ என்று நினைத்து, "அதை ஓட்டுடா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வகுப்பு சிரித்த சிரிப்பு ஐம்பத்தெட்டு வயதிலும் அவர் காதில் இருந்தது. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரமே தன் கல்யாணப் படத்தை அதில் ஏற்றி மச்சத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் கைபட்ட எந்தப் படத்திலும் அவருக்கு மச்சம் கிடையாது. கண்ணாடியில் மட்டும்தான் உண்டு, அதையும் அவசரமாகத்தான் பார்ப்பார்.

ஒரு காலை, கடை திறக்கும் நேரத்தில், வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோவில் வந்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம். முகம் உப்பியிருந்தது. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருப்பதால் அவர் வர முடியாது என்றும், கணவருக்கு ஒரு வாரம்தான் லீவு என்றும் சொன்னாள். அவள் அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"அப்பா, நீங்க வாங்களேன்."

"நானா? நான் வந்து என்னம்மா பண்ணப்போறேன்? எனக்கு வெந்நீர் வைக்கவே ரெண்டு தடவை யோசிக்கணும்."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் உள்ள போறப்ப வெளியில நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கு நான் லாயக்கு. உட்கார்றதுல எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "அப்பா, அம்மாவோட படம் ஒண்ணு கொண்டு வாங்க. பெரிசா வேணாம், கையில வெச்சுக்கிற மாதிரி. ஆனா நீங்க தொடாததா இருக்கணும்" என்றாள்.

"அதுக்கென்ன, ஆயிரம் இருக்கு."

போனை வைத்த பிறகு அவர் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். பிரசவத்துக்குத் தாய் போக வேண்டிய இடத்துக்குத் தன்னைக் கூப்பிடும்படி ஆகிவிட்டதே என்று அழுகை, கூப்பிட்டாளே என்றும் அழுகை. வாசலில் யாரோ, "படம் எடுக்கணும்" என்றார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "சிரிக்கக் கூடாது" என்று வேலையை ஆரம்பித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் விசா விண்ணப்பம் நிரப்பித் தருகிற பெண்மணி ஒருவர் இருந்தார். தெருவே அவரை ஃபாரம் அக்கா என்று கூப்பிட்டதால், அவரைவிட ஆறு வயது மூத்த படக்காரரும் அக்கா என்றே கூப்பிடுவார். அவர் பதிலுக்கு அண்ணே என்பார். ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று மதியம் படக்காரர் முதல் முறையாக அவருக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பயணத்தின் நோக்கம்?" என்று ஃபாரம் அக்கா திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பொண்ணு பிரசவத்துக்கு உதவியா இருக்க."

"உதவியா? அப்படிப் போட்டா ஆயா வேலைக்கு வர்றீங்கன்னு நினைச்சுக்குவாங்க. வேலை பார்க்கறதுக்கு வேற விசா."

"என்னை யாருக்கா ஆயாவா வெச்சுக்குவா?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியுமா? குடும்பத்தாரைச் சந்திக்க. இதோட நிறுத்துங்க. இன்டர்வியூன்னு கூப்பிட்டாலும் இதேதான்." தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். "இதுக்கு முன்னாடி போன நாடுகள்?"

படக்காரர் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். "இல்லைன்னு போடுங்க."

"பத்தொன்பது வருஷமா ஊர் உலகத்தையே அனுப்பி வெச்சிருக்கீங்க, ஒண்ணுமே இல்லையா?"

"சீப்பு போயிருக்கு."

மகளின் அழைப்புக் கடிதம், தங்கப்போகும் வீட்டின் விலாசம், கடையின் உரிமம், திரும்பி வருவதற்கான டிக்கெட், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஏற்றினார் அக்கா. குழந்தை இருபதாம் தேதி வாக்கில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். கடைசியில் 'உடலில் காணப்படும் அடையாளம்' என்ற கட்டம் வந்தது. அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமலே, 'வலது கன்னத்தில் மச்சம்' என்று தட்டினார். படக்காரருக்கு ஏதோ அடுத்தவர் வீட்டு ரகசியம் வெளியானது போல இருந்தது.

"படம் மட்டும் பாக்கி. எடுத்துட்டு வந்து கொடுங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார் அக்கா.

சொல்லித் தந்திருக்க வேண்டும். தன் முக்காலியில் தானே உட்கார்ந்தபோதுதான், அது எவ்வளவு மோசமான முக்காலி என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் சாய்கிறது. விளக்கு கண்ணைக் குத்துகிறது. கேமராவில் பத்து வினாடி நேரம் வைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கினால் வாய் திறக்கிறது. வாயை மூடினால் முறைப்பது போல இருக்கிறது. 'இதுல என்ன கஷ்டம், நேரா பார்த்து உட்காரத் தெரியாதா' என்று எத்தனை ஆயிரம் பேரைக் கடிந்திருப்பார். முப்பத்தேழாவது முறை எடுத்ததுதான் தேறியது. அதைக் கம்ப்யூட்டரில் திறந்தார். அளவு வெட்டினார். பின்னணி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். அச்சடித்தார். அக்காவிடம் கொடுத்தார். அவர் முன்னூறு ஃபாரத்துக்கு நடுவே அதை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் உறையில் போட்டார்.

அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் கை எப்போது அந்த மச்சத்தின் மேல் போய்வந்தது என்று அவரிடம் கேட்டால், இன்றைக்கும் தெரியாது என்றுதான் சொல்லுவார். படத்தில் தன்னை மச்சத்தோடு பார்த்தே பழக்கமில்லாததால், இல்லாதது கண்ணில் படவே இல்லை.

இப்போது கடையில் ஒட்டியிருக்கிற அந்தச் சின்னப் படம், சிவப்பு முத்திரையோடு ஒன்றாம் தேதி திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். சமர்ப்பித்த புகைப்படம், பாஸ்போர்ட்டில் உள்ள முகத்தோடும் விண்ணப்பத்தில் சொன்ன அடையாளத்தோடும் ஒத்துப்போகவில்லை, பதினோராம் தேதி காலை நேரில் வந்து விளக்கம் தரவும். பாஸ்போர்ட்டுக்கான படத்தை முன்பு அரசு அலுவலகத்தில் அவர்களே கேமராவில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் மச்சம் கல்லுப்போல இருந்தது.

ஃபாரம் அக்கா கடிதத்தை ஒரு முறை படித்தார், படத்தை ஒரு முறை பார்த்தார், அப்புறம் அவர் கன்னத்தைப் பார்த்தார். "அண்ணே, நான் எழுதி வெச்சதை நீங்க அழிச்சுட்டு வந்திருக்கீங்க."

"கை தவறிப் போச்சுக்கா."

"கை தவறினா இவ்வளவு சுத்தமாவா தவறும்?"

ஐந்தாம் தேதி விமானம் அவர் இல்லாமல் போனது. மகளிடம், "ஏதோ ஒரு காகிதம் பாக்கியாம்மா, வந்துடுவேன்" என்று மழுப்பினார். அவள், "நீங்க எல்லாருக்கும் சொல்ற ஆளாச்சே, உங்களுக்கே பாக்கியா?" என்று கேட்டாள். குரலில் பயம் இருந்தது. வாசலில் மாட்டியிருந்த பெருமைப் பலகையை அன்றே கழற்றி, திரைக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டும்போது அவர் கன்னத்தைத்தான் பார்த்தார்.

காத்திருந்த அந்தப் பத்து நாளில் அவர் மகள் கேட்ட படத்தைத் தேடினார். ஆயிரம் இருக்கிறது என்று சொன்னது பொய்யில்லை, ஆயிரத்துக்கு மேலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் மனைவி பளபளவென்று இருந்தாள். அவள் புருவங்களுக்கு நடுவே, எதையாவது கணக்குப் போடும்போது விழுகிற கோடு ஒன்று உண்டு. அது எந்தப் படத்திலும் இல்லை. மோவாயில் அம்மைத் தழும்பு இருந்தது. அதுவும் இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். அதையும் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். அசல் எதையும் அவர் தனியாக வைக்கவில்லை. திருத்தியதையே அதன் மேல் சேமிப்பது அவர் வழக்கம், இடம் மிச்சமாகும் என்று. நோயில் கிடந்த கடைசி மாதத்துப் படத்தில்கூடக் கண்ணின் கீழே வெளிச்சம் போட்டிருந்தார்.

ஒவ்வொரு முறை படத்தைக் காட்டும்போதும் அவள், "யாரு இவ, நல்லா இருக்காளே" என்பாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பதினாறு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். அவள் என்ன சொன்னாள் என்பது இப்போதுதான் உறைத்தது. 'மடையா' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லாததால் இன்னும் இரண்டு வார்த்தை கூடவே திட்டினார்.

பதினோராம் தேதி காலை, பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்துக்குள் டோக்கனோடு போய் உட்கார்ந்தார். சுற்றிலும் இருந்தவர்களில் நாலு பேர் அவர் கடையில் படம் எடுத்தவர்கள். ஒருவர் அவரைப் பார்த்து, "ஒரு வரி பதில்தானே சார்?" என்று மெல்லக் கேட்டார். அவர் தலையாட்டினார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி, படத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது நீங்களா?"

"ஆமாங்க."

"மச்சம் எங்க?"

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி எழுந்து கண்ணாடிக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் தேய்ச்சுக் காட்டுங்க." அவர் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, கன்னம் சிவக்கத் தேய்த்தார். மச்சம் அப்படியே இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து போகாதா என்று வேண்டியவர், அன்றுதான் முதல் முறையாக அது போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார்.

"அப்ப படத்துல ஏன் இல்லை?"

"நான்தாங்க எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

ஒரு வரி பதில் தயாராகத்தான் வைத்திருந்தார். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லச் சொல்லி அக்கா பாடம் பண்ணி அனுப்பியிருந்தார். வாய் வேறு மாதிரிப் போனது. "என்னை ஸ்கூல்ல ஈன்னு கூப்பிடுவாங்க" என்று ஆரம்பித்தார். வாத்தியார் சொன்னதைச் சொன்னார். கல்யாணப் படத்தைத் துடைத்ததைச் சொன்னார். எதிரே இருக்கிற ஸ்டூடியோ தன்னுடையது என்று ஜன்னலைக் காட்டினார். கேட்காமலே, மற்றவர்கள் படத்தில் பரு மட்டும் துடைப்பேன் என்பதையும் உளறினார். பின்னால் உட்கார்ந்திருந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். "எதுக்குப் போறீங்க?"

"குடும்பத்தாரைச் சந்திக்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொண்ணுக்குப் பிரசவம். அவ அம்மா இல்லைங்க. நான் போய் ஒண்ணும் கிழிக்கப்போறதில்லை, எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அவ உள்ள போறப்ப நான் வெளியில உட்கார்ந்திருக்கணும்னு சொன்னா. இருபதாம் தேதிக்குள்ள போகணும். அவ்வளவுதாங்க."

அதிகாரி அவரைப் பார்த்தார். முகத்தில் இரக்கமா எரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகங்களைப் பார்த்தே பிழைத்தவருக்கு அதுவும் தெரியவில்லை. "இன்னைக்கு மதியம் மூணு மணிக்குள்ள புதுப் படம் கொடுங்க. நீங்க எடுக்கக் கூடாது, நீங்க தொடவும் கூடாது. அப்புறம், இனிமே அடுத்தவங்க பருவையும் தொடாதீங்க."

அவர் படி இறங்கி, ரோட்டைக் கடந்து, படி ஏறி, ஃபாரம் அக்கா முன்னால் போய் நின்றார். "நீங்கதான் எடுக்கணும்க்கா." அக்காவுக்குக் கேமராவில் எந்தப் பொத்தான் எது என்று தெரியாது. ஆனால் அதிகாரம் பண்ணத் தெரிந்திருந்தது. "நேரா பாருங்கண்ணே. வாயை மூடுங்க. இதுல என்ன கஷ்டம்? மோவாயை இறக்குங்க, யாரையோ மிரட்டுற மாதிரி இருக்கு. கண்ணை மூடாதீங்க. தெரியாதா உங்களுக்கு?" பத்து வருஷமாகச் சுவர் வழியே கேட்டது அத்தனையையும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பக்கம் அவரை விடவே இல்லை. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று முக்காலியில் இருந்தே அவர் சொல்ல, அக்காவே வெட்டி அச்சடித்தார். வெளியே வந்த படத்தில் கன்னம் தேய்த்துச் சிவந்திருந்தது, கண்ணின் கீழ் பை தொங்கியது, நடுவில் மச்சம் உட்கார்ந்திருந்தது. "இது யாருக்கா, இவ்வளவு கிழவன்?" என்றார். "நீங்கதான். சீக்கிரம் கொண்டு போய்க் கொடுங்க" என்றார் அக்கா.

பதினாலாம் தேதி விசா வந்தது. பதினாறாம் தேதிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது.

புறப்படுவதற்கு முன்தினம் பீரோவில் தன் காகிதங்களை எடுக்கும்போது, அடியில் மனைவியின் பாஸ்போர்ட் கையில் தட்டியது. மகள் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் போய்ப் பார்க்கலாம் என்று ஒன்றாகப் போய் எடுத்தது. அதற்குள் அவளுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. முதல் பக்கத்தில் அவள் படம். அரசு அலுவலகத்துக் கேமரா, தலைக்கு மேல் டியூப்லைட், வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற அலுப்பு. புருவத்து நடுவில் கோடு விழுந்திருந்தது. மோவாயில் தழும்பு தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அமுக்கியிருந்தார்கள் போல, உதட்டின் ஓரம் அந்த ஏறிய பல்லும் கொஞ்சம் தெரிந்தது. பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்த அன்று அவர் அந்தப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். 'என்கிட்ட விட்டிருந்தா எப்படி எடுத்திருப்பேன்' என்று பெருமை பேசினார். அவள், "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று அதை வாங்கிப் பீரோவில் வைத்தாள். இப்போது அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பீரோ கதவில் சாய்ந்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு தன் பாஸ்போர்ட்டோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாட்டில் இறங்கி, பாஸ்போர்ட் பார்க்கிற கவுன்ட்டர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் அவசரத்தில் பையில் இருந்ததை அப்படியே எடுத்து இரண்டையும் நீட்டிவிட்டார். உள்ளே இருந்த இளம் அதிகாரி முதலில் மேலே இருந்ததைத் திறந்தார். படத்தைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், அங்கே யாரும் இல்லாததால் கையை விரித்து ஏதோ கேட்டார். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். "வரலை" என்று தலையசைத்தார். அதிகாரி அதை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருடையதைத் திறந்து கன்னத்தை ஒரு முறை பார்த்து முத்திரை குத்தினார்.

வெளியே மருமகன் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "பொண்ணு, மாமா. நேத்து சாயங்காலம். திடீர்னு வலி வந்துடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். நேற்று சாயங்காலம் அவர் மேகத்துக்கு மேலே, பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். உட்காருவதில் அனுபவம் என்று பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஆஸ்பத்திரியில் மகள் அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எந்தக் காகிதம்ப்பா அப்படிப் பாக்கி?" என்றாள். அவர் மழுப்பவில்லை. மச்சத்தைச் சொன்னார். முத்திரை குத்திய படத்தைச் சொன்னார். கைக்குட்டையை நனைத்துத் தேய்த்ததைச் சொன்னார். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகே போனார். சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். "மச்சத்துக்காகவா? நான் உங்களைத் தேடினேன்ப்பா. ஒவ்வொரு தடவை கதவு திறக்கறப்பவும் தேடினேன்." அவர் சட்டைப்பையிலிருந்து மனைவியின் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். விரலால் அந்தப் பல்லை ஒரு முறை தொட்டாள். நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள்.

பிறகு தொட்டிலைக் காட்டினாள். "இவளுக்கும் பாஸ்போர்ட் எடுக்கணும். படம் கேட்டிருக்காங்க. நீங்களே எடுங்க."

வெள்ளைத் துண்டு ஒன்றின் மேல் பேத்தியைக் கிடத்தினார்கள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள், நெற்றியில் தோல் உரிந்துகொண்டிருந்தது, ஒரு கண் வீங்கிப் பாதிதான் திறந்தது. அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தக் கண் திறக்கும் வரை காத்திருந்து, ஒரே ஒரு முறை அமுக்கினார். படம் திரையில் வந்து நின்றது. கட்டைவிரல் தானாக அந்த நெற்றியை நோக்கி நகர்வதை அவரே பார்த்தார்.

"இந்தா, வாங்கு, சீக்கிரம் வாங்கு" என்று போனை மகள் கையில் திணித்தார். "என்கிட்ட திருப்பிக் கொடுத்துடாதம்மா."